புக்கிட் மேராவிலிருந்து ஒரு பை தண்ணீர்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள கூலிமிலிருந்து தெற்கே செர்டாங் வழியாகப் பண்டார் பாரு போய்க் கிரியான் ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார். அங்கிருந்து வயல்களுக்கு நடுவே போகும் சாலை புக்கிட் மேரா ஏரியில் கொண்டுபோய் விடும். கிரியான் வட்டார நெல்லுக்கு நீர் பாய்ச்ச ஆங்கிலேயர் காலத்தில் அணை கட்டித் தேக்கிய ஏரி அது. 1906இல் வேலை முடிந்தது. ஏரியை ஊடறுத்து ரயில் பாதை ஓடுகிறது. பட்டர்வொர்த் ரயிலில் போனவர்கள் இரு பக்கமும் தண்ணீர் விரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். இந்த நீர்நிலைகளைப் பிறப்பிடமாகக் கொண்ட தங்கக் கெலிசா மீன்தான் இன்று ஆசியப் பெருநகரங்களின் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துகிறது. கடைகளில் அதற்கு அரோவானா என்று பெயர்.

ஒரு காலத்தில் இது குழம்பு மீன். முள் அதிகம் என்பதால் சந்தையில் பெரிய மதிப்பும் இல்லை. பிறகு சீனர்கள் அதன் அகன்ற செதிலில் பொற்காசையும், தாடையில் நீளும் இரண்டு மீசைகளில் டிராகனையும் கண்டார்கள். வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கை பரவியது, விலை ஏறியது, ஆறுகள் காலியாயின. அழிந்துவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தபோது கெலிசாவும் அதன் முதல் பட்டியலில் இடம்பெற்றது. புலிக்கு உள்ள பாதுகாப்பு இந்த மீனுக்கும் உண்டு. 2001இல் பெரோடுவா நிறுவனம் தன் சிறிய காருக்குக் கெலிசா என்று பெயர் வைத்தது. நம் ஊரில் பலர் அந்தக் காரைத்தான் அறிவார்கள். மீனைப் பார்த்தவர்கள் குறைவு.

காட்டில் பிடித்த கெலிசாவை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து வளர்ந்த பெற்றோருக்கு, அதே போன்ற பண்ணையில் பிறந்த குஞ்சாக இருந்தால்தான் வெளிநாட்டு வாணிபத்துக்கு அனுமதி. இந்த விதியைத் தொல்லை என்று புலம்புபவர்கள் உண்டு. எனக்கு இதைவிட நியாயமான விதி தெரியவில்லை. ஆற்றிலிருந்து எடுத்து விற்றவன், இனி வளர்த்து விற்கட்டும்.

வளர்ப்பது எளிதல்ல. மூன்று நான்கு ஆண்டுகள் போனால்தான் கெலிசா முட்டையிடும். இடுவதும் சில டஜன்தான். ஆண் மீன் அவற்றை வாய்க்குள் எடுத்துக்கொண்டு, குஞ்சு நீந்தும்வரை, ஏறக்குறைய இரண்டு மாதம், அடைகாக்கிறது. அந்த நாட்களில் அது இரை எடுப்பதில்லை. பண்ணைக்காரர்கள் குளத்தில் வலை வீசி, தகப்பனின் வாயை மெதுவாகத் திறந்து, மஞ்சள் கரு இன்னும் வயிற்றில் தொங்கும் குஞ்சுகளை வெளியே எடுக்கிறார்கள். கெலிசா செய்யும் முதல் பயணம் இதுதான்: அப்பன் வாயிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு. ஒரு சாண் அளவுக்கு வளர்ந்ததும் முதுகுத் துடுப்பின் அருகே, தோலுக்குக் கீழே, அரிசி மணி அளவில் ஒரு மைக்ரோசிப்பை ஏற்றுகிறார்கள். அந்த எண்ணுக்கு ஒரு சான்றிதழ். இனி அது எந்த நாட்டுக்குப் போனாலும் கருவியைக் காட்டினால் அடையாளம் தெரிந்துவிடும்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுவார்கள். இதைப் பார்த்து வருந்தும் நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் வயிறு நிறைந்த மீன் பைக்குள் கழிவை விடும். அந்தக் கழிவுதான் கொல்லும், பசி கொல்லாது. ஒரு பைக்கு ஒரு மீன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சமெல்லாம் ஆக்சிஜன். பை இரண்டு மூன்று அடுக்கு. நடுவில் பழைய செய்தித்தாள். கீழ் மூலைகளை முறுக்கி ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீன் மூலைக்குள் சிக்கி மூச்சு முட்டும். பையின் வாயையும் கட்டுவது ரப்பர் வளையம்தான். கூலிம் வட்டாரத்தில் பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்த இடம் எப்போதும் தைக்கும். ரப்பரும் 1870களில் அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டம் வழியாக, கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பலேறி ஆசியாவுக்கு வந்த உயிர். அந்த மூடிய கண்ணாடிப் பெட்டியை லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட் கண்டுபிடித்திராவிட்டால் கெடாவில் தோட்டமே இருந்திருக்காது. நம் தாத்தா பாட்டி கப்பலேறியிருக்க மாட்டார்கள்.

பை வெள்ளை நுரைப்பெட்டிக்குள் போகிறது, மூடி ஒட்டப்படுகிறது. இருட்டில் மீன் அடங்கிக் கிடக்கும். வெப்பமும் ஏறி இறங்காது. இங்கே நடக்கும் ரசாயனத்தைச் சொல்லியாக வேண்டும். மீன் மூச்சுவிடும்போது கரியமில வாயு தண்ணீரில் சேர்கிறது, தண்ணீர் அமிலத்தன்மை அடைகிறது. செவுளிலிருந்து வெளியேறும் அமோனியா அந்த அமில நீரில் அவ்வளவு நஞ்சில்லாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. மீனைக் கெடுக்கும் தண்ணீரே மீனைக் காப்பாற்றிக்கொண்டும் வருகிறது. ஆகவே நெடுந்தூரப் பயணத்தில் மிக ஆபத்தான நேரம் விமானத்தில் இல்லை, பையைத் திறக்கும் நேரத்தில் இருக்கிறது. திறந்ததும் கரியமில வாயு பறந்துவிடும், அமிலத்தன்மை குறையும், அதுவரை அடங்கியிருந்த அமோனியா மறுபடி நஞ்சாகும். அன்போடு பையைத் திறந்து வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விடுகிறோமே, அது ஒரு நாள் முழுக்கப் பைக்குள் வந்த மீனுக்கு வேதனைதான். கட்டிய பையை அப்படியே தொட்டியில் மிதக்க விட்டு வெப்பம் சமமானதும், திறந்து, மீனை மட்டும் உடனே தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். பைத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடலாம். பக்கத்து ஊர்க் கடையில் வாங்கி அரை மணியில் வீடு சேர்ந்த மீனுக்கு மட்டும் பழைய முறை சரி.

தொட்டியில் வைக்கும் நீர்ச்செடிகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. நம் ஓடைகளில் விளையும் கிரிப்டோகொரைன் போன்றவற்றை ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் கட்டினால் பல நாள் தாங்கும்; தண்ணீரில் மூழ்கடித்து அனுப்புவது வீண் கனம். புது இடத்தில் நட்டதும் இலையெல்லாம் கூழாகக் கரையும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள், கிழங்கில் உயிர் இருக்கிறது.

வேலை தேடியும் பிள்ளைகள் பின்னாலும் கூலிமை விட்டு ஜோகூர் பாரு வரை வீடு மாறும் குடும்பங்கள் இப்போது நிறைய. லாரியில் கட்டில், பீரோவோடு மீன்தொட்டியும் ஏறுகிறது. தொட்டியைத் தண்ணீரோடு ஏற்றக் கூடாது. குலுக்கலில் கண்ணாடி ஒட்டு விட்டுப்போகும். மீனைத் தனிப் பையில் கட்டி, குளிரூட்டி போட்ட காரில் கூடவே கொண்டுபோங்கள். வடிகட்டியின் பஞ்சை மட்டும் பைப்பில் அலசிவிடாதீர்கள். அமோனியாவைத் தின்று தண்ணீரைக் காக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரில் நனைத்து, காற்று உள்ள வாளியில் ஈரமாக வைத்திருந்தால் புது வீட்டில் அன்றைக்கே வேலையைத் தொடங்கும்.

கெலிசா வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. அது தாவும் மீன்; காட்டில் நீருக்கு மேலே தொங்கும் கிளையிலுள்ள பூச்சியைத் துள்ளிப் பிடிக்கும் பழக்கம் அதற்கு. புது இடத்தில் மிரளும். தொட்டிக்குக் கனமான மூடி வேண்டும். அடுத்தது சான்றிதழ். சைட்ஸ் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த 2008இல் மலேசியா இயற்றிய சட்டம் நம் நாட்டுக்குள்ளும் இந்த மீனுக்குப் பொருந்தும்; சிப் எண்ணும் காகிதமும் ஒத்துப்போக வேண்டும். காகிதம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் கெலிசா எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.