வன்னியின் கணித ஆசிரியர்கள்: வந்து போனவர்களும் நின்றவர்களும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பாடசாலைகள் எப்போது கட்டப்பட்டன, போரில் எத்தனை முறை இடிந்தன, மீண்டும் எப்போது எழுந்தன என்பவற்றையே பெரிதும் பதிவு செய்வர். அக்கட்டடங்களுக்குள் கணிதம் கற்பித்தவர் யார், அவர் எத்தனை ஆண்டுகள் அங்கே நிலைத்திருந்தார் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடையாத மாணவருக்கு உயர்தரத்தின் வாயில் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. ஆகவே, கணித ஆசிரியர் இல்லாத ஊரில் ஏனைய பாடங்களின் ஆசிரியர்கள் பட்ட பாடும் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இரணைமடுக் குளத்தை நம்பி எழுந்த குடியேற்றங்கள் கிளிநொச்சிப் பகுதியின் இன்றைய முகத்தை உருவாக்கின. உருத்திரபுரம், வட்டக்கச்சி, தருமபுரம் போன்ற ஊர்களில் காடு வெட்டி வயல் கண்டவர்களும், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து சேர்ந்தவர்களும் தம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டனர். பள்ளிக்கூடங்கள் கிடைத்தன. ஆனால் வடக்கில் ஆசிரியர்களை உருவாக்கிய பலாலி, கோப்பாய் ஆசிரியர் கலாசாலைகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே இருந்தன. அங்கிருந்து வன்னிக்கு நியமனம் பெற்றவர்களில் பலர் அதனை ஒரு சேவைக் காலமாகவே கருதினர். கட்டாயச் சேவை முடிந்ததும் இடமாற்ற விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவர்களையும் முற்றாகக் குறை சொல்வதற்கில்லை. வீடும் குடும்பமும் ஓரிடத்தில் இருக்க, மலேரியாவும் போக்குவரத்து இன்மையும் அச்சுறுத்திய இடத்தில் எத்தனை ஆண்டுகள் ஒருவர் தனித்து வாழ முடியும்?

1974இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அது யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு இழைத்த அநீதி பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. கிளிநொச்சி அப்போது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. கணித ஆசிரியரைக் காணாத தருமபுரத்து மாணவன், குடாநாட்டின் பெரிய கல்லூரிகளில் படித்த மாணவனோடு ஒரே மாவட்டப் பட்டியலில் போட்டியிட வேண்டியிருந்தது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமான பின்னரே அந்த நிலை மாறியது. முல்லைத்தீவு 1978இலேயே தனி மாவட்டமாகியிருந்தது. இன்று பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. வன்னியின் மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. ஆனால் ஒதுக்கீடு இடத்தைத்தான் தரும், ஆசிரியரைத் தராது.

போர்க்காலம் இந்தக் கதையில் ஒரு விசித்திரமான திருப்பத்தை ஏற்படுத்தியது. 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய யாழ்ப்பாண இடப்பெயர்வில் மாணவர்களோடு ஆசிரியர்களும் வன்னிக்கு வந்தனர். மரநிழலிலும் ஓலைக் கொட்டகையிலும் வகுப்புகள் நடந்தன. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தபோது அவ்வகுப்புகளும் மல்லாவி போன்ற இடங்களுக்குப் பெயர்ந்தன. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதான அந்நாட்களில் ஜாம் போத்தல் விளக்கொளியில் பிள்ளைகள் கேத்திரகணிதம் படித்தனர். வந்தவர்கள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வெளிநாடுகளுக்கும் போன பின்னர் எஞ்சிய வெற்றிடத்தை நிரப்பியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். உயர்தரம் படித்து முடித்த உள்ளூர் இளைஞர்களும் யுவதிகளும் சொற்பக் கொடுப்பனவுக்கும், சில வேளைகளில் எதுவுமின்றியும் கற்பித்தார்கள். முறையான பயிற்சி அவர்களிற் பலருக்கு இல்லை. ஆனால் அவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. 2009இல் மெனிக்பாம் முகாம்களிலும் இடம்பெயர்ந்த ஆசிரியர்கள் கற்பித்தார்கள். அந்த ஆண்டு ஓகஸ்டில் மாணவர்கள் முகாமிலிருந்தே உயர்தரப் பரீட்சை எழுதினர்.

போர் முடிந்தபின் அத்தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்று போராட நேர்ந்தது. சிலர் நியமனம் பெற்றனர், சிலர் வயதெல்லையைக் கடந்தனர். தங்கி நிற்கும் ஆசிரியர் வேண்டும் என்று கேட்ட அதே அமைப்பு, தங்கி நின்றவர்களை இவ்வாறுதான் நடத்தியது.

ஏ-9 வீதி சீரானதும், 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டும் வந்ததும் வேறொரு மாற்றத்தை ஏற்படுத்தின. குடாநாட்டு ஆசிரியர் காலையில் வந்து மாலையில் திரும்பலாம் என்றாயிற்று. வெற்றிடம் காகிதத்தில் நிரம்பியது. ஆயினும், பின்னத்திலேயே தடுமாறும் ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்குப் பாடசாலை விட்ட பின் ஒரு மணி நேரம் ஒதுக்க, பேருந்தைப் பிடிக்க ஓடும் ஆசிரியரால் இயலாது.

இங்கே ஒரு வட்டத்தைக் காண்கிறோம். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகள் உயர்தரம் சித்தியடைந்தோரைச் சேர்த்து, இரண்டாண்டு விடுதிப் பயிற்சியும் ஓராண்டு பாடசாலைப் பயிற்சியும் அளிக்கின்றன. உயர்தரத்தில் கணிதம் படிப்பதற்கு 1ஏபி தரப் பாடசாலை வேண்டும். வன்னியின் உட்கிராமங்களில் அத்தகைய பாடசாலைகள் குறைவு. அங்கு படித்துத் தேறும் சிலரும் பொறியியலை நாடுகின்றனர். கற்பிக்க ஆளில்லாததால் படிப்போர் குறைவு, படிப்போர் குறைவாதலால் கற்பிக்க ஆளில்லை.

இந்த வட்டத்தை உடைக்கும் வழி, வன்னிப் பிள்ளைகளிலிருந்தே கணித ஆசிரியர்களை உருவாக்குவதாகும். சாதாரண தரத்திலேயே அவர்களை இனங்கண்டு, உயர்தரத்துக்கு உதவி, பயிற்சி முடிந்ததும் சொந்த வலயத்திலேயே நியமனம் வழங்கலாம். வெளியிலிருந்து வருவோருக்குக் குடும்பத்தோடு வாழத்தக்க விடுதி கட்டலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடமும், 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாவும் அருகிலேயே இருக்கின்றன. அவற்றின் மாணவர்கள் அயற்கிராமப் பள்ளிகளுக்குப் போய்வரலாம். இவை எவையும் பெருஞ்செலவானவை அல்ல.

கட்டடத் திறப்பு விழாக்களுக்கு அமைச்சர்கள் வருவார்கள், பத்திரிகைகளில் படமும் வரும். ஓர் ஆசிரியர் பத்தாண்டுகள் ஒரே கிராமத்தில் இருந்து கணிதம் கற்பித்தார் என்பதற்கு எவரும் விழா எடுப்பதில்லை. வன்னியின் கல்விக்கு இனி வேண்டியது அந்தப் பத்தாண்டுகளே.