நாய்க்குப் போட்ட ஊசி

தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடி சிகிச்சையின் வரலாறு நீலகிரியோடு பிணைந்தது. 1902-இல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அன்று இந்தியாவில் சிகிச்சை கிடைத்த ஒரே இடம் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலி. தெற்கிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். அந்த மரணத்துக்குப் பின் திரண்ட நன்கொடைகளும், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் வழங்கிய தொகையும் சேர்ந்து 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் உருவாக வழிசெய்தன. பின்னாளில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் செலுத்தினார்கள். தொப்புளைச் சுற்றி ஊசி என்றால் பல தலைமுறைகள் நடுங்கின. ஆனாலும் அது எத்தனையோ உயிர்களைக் காத்தது.

அந்த மருத்துவம் முழுவதும் கடிபட்ட பிறகு மனிதருக்குச் செய்வது. நாயைப் பொறுத்தவரை நகரங்கள் அறிந்திருந்த ஒரே வழி கொல்வது. சென்னை மாநகராட்சியின் நாய் வண்டி பல ஆண்டுகள் தெருத்தெருவாகச் சுற்றியும் நாய்களும் குறையவில்லை, நோயும் ஒழியவில்லை. ஒரு தெருவில் நாய்களைப் பிடித்துப் போய்விட்டால், அங்கே கிடக்கும் எச்சில் சோற்றுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்துவிடும். விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதல் வேறொரு வழியை வற்புறுத்தியது. நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும் என்பது அந்த யோசனை. மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2001-இல் மத்திய அரசே அதை விதியாக்கியது.

விதி வந்தாலும் அதைச் செய்யக் கை வேண்டும். கால்நடை மருத்துவக் கல்விக்கு மாடும் ஆடும் கோழியும்தான் மையம். தெருநாய்க்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்து தேர்ந்தவர்கள் குறைவு. தன்னார்வ மருத்துவர்களின் பங்கு பெரிதானது இந்த இடத்தில்தான். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் லூக் கேம்பிள் 2003-இல் தொடங்கிய வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸ் ஊட்டியில் ஒரு பயிற்சி மையம் அமைத்தது. இந்திய மருத்துவர்களும் அயல்நாட்டினரும் ஒரே மேசையில் சிறு கீறலில் கருத்தடை செய்யப் பழகினார்கள். பயிற்சிக்காகச் செய்த ஒவ்வொரு அறுவையும் நீலகிரியின் ஒரு தெருநாய்க்குப் பயன்பட்டது. கற்பதையும் தொண்டாற்றுவதையும் ஒன்றாக்கிய இந்த ஏற்பாடே அந்த மையத்தின் மிகப் பெரிய சாதனை எனலாம்.

அதே அமைப்பின் ‘மிஷன் ரேபிஸ்’ இயக்கம் 2013 செப்டம்பரில் இந்தியாவில் தொடங்கியது. 50,000 நாய்களுக்கு ஊசி போடுவது இலக்கு. ஒரே மாதத்தில் 60,000-ஐத் தாண்டியது. சொந்தச் செலவில் விமானம் ஏறி வந்த மருத்துவர்களும் கால்நடை மருத்துவ மாணவர்களும் நாய் பிடிப்பவர்களோடு சேர்ந்து விடிகாலையிலேயே தெருவில் இறங்கினார்கள். பிடிப்பவர் நீண்ட கைப்பிடி கொண்ட வலையை வீசி நாயை அமுக்குவார். மருத்துவர் வலைக்கு வெளியிலிருந்தே ஊசி போட்டு, நாயின் தலையில் வண்ணச் சாயம் பூசுவார். மூன்றாமவர் கைபேசிச் செயலியில் அந்த இடத்தைப் பதிவார். வலையைத் தூக்கியதும் நாய் ஓடிவிடும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடியும்.

அந்தச் சாயத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பின்னர் அதே தெருக்களைச் சுற்றி, சாயம் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணுவார்கள். நூற்றுக்கு 70 நாய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் கிருமி ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழியின்றி அற்றுப்போகும். எண்ணிக்கை அதற்குக் கீழே இருந்தால் குழு மறுபடியும் போகும்.

இந்த முறை முழுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் கோவா. மாநில அரசு நிதி தந்தது, கால்நடைத் துறை கைகோத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 95,000 நாய்களுக்கு ஊசி போடும் அளவுக்குப் பணி வளர்ந்தது. பள்ளிகளில் நாய்க்கடி பற்றிப் பாடம் நடந்தது. சந்தேகமான நாய் பற்றித் தகவல் தர தொலைபேசி எண் வந்தது. நாய்களிடையே நோய் 92 விழுக்காடு குறைந்ததாக 2022-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டே கோவா, வெறிநோய் கட்டுக்குள் வந்த நாட்டின் முதல் மாநிலமாக அறிவிக்கப்பட்டிருந்தது.