அரச சொலமன் தீவுகள் காவல்துறை

அரச சொலமன் தீவுகள் காவல்துறை என்பது தென்மேற்குப் பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ள சொலமன் தீவுகள் நாட்டின் தேசியக் காவல் அமைப்பு ஆகும். இந்நாட்டுக்கு இராணுவம் இல்லை. எனவே சட்டம் ஒழுங்கைப் பேணுதல், குற்றப் புலனாய்வு ஆகியவற்றோடு கடல் எல்லைக் காவலும் இத்துறையின் பொறுப்பாக உள்ளது. இதன் தலைமையகம் தலைநகர் ஹொனியாராவின் ரோவ் பகுதியில் அமைந்துள்ளது.

பணிகள்

சொலமன் தீவுகள் ஏறத்தாழ ஆயிரம் தீவுகளைக் கொண்டது. ஒன்பது மாகாணங்களாகவும் தலைநகர்ப் பகுதியாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. பல ஊர்களைப் படகு மூலமே அடைய முடியும். அதனால் கிராமங்களில் எழும் பெரும்பாலான பிணக்குகளை ஊர்த் தலைவர்களும் தேவாலயப் பெரியவர்களுமே தீர்த்து வைக்கின்றனர். சிப்பிப் பணம், பன்றி முதலியவற்றை இழப்பீடாகக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்வது பல தீவுகளில் வழக்கமாகும்.

கடற்காவலுக்கென ஆஸ்திரேலியா கிசோ, தாரோ எனும் இரு சுற்றுக்காவல் படகுகளை முறையே 2019, 2021 ஆம் ஆண்டுகளில் வழங்கியது. இரண்டாம் உலகப் போரில் கைவிடப்பட்ட வெடிக்காத குண்டுகளை அகற்றுவதற்கும் இத்துறையில் தனிப்பிரிவு உண்டு.

தொடக்க வரலாறு

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் காவலர்களின் கடமைகளில் வரி வசூலும் அடங்கியிருந்தது. 1927 இல் மலைத்தா தீவில் வரி வசூலிக்கச் சென்ற மாவட்ட அதிகாரி வில்லியம் பெல், உடன் சென்ற உள்ளூர்க் காவலர்கள் பலருடன் கொல்லப்பட்டார். 1942 இல் குவாடல்கனால் தீவில் போர் மூண்டபோது, ஓய்வுபெற்ற காவலரான ஜேக்கப் வூசா சப்பானியரிடம் பிடிபட்டுத் துப்பாக்கிக் கத்தியால் குத்தப்பட்டார். படுகாயமுற்ற நிலையிலும் தப்பிச் சென்று அமெரிக்கப் படையினரை எச்சரித்த அவர் நாட்டின் வீரராகப் போற்றப்படுகிறார். 1978 சூலை 7 அன்று நாடு விடுதலை பெற்றது.

இன மோதலும் பிளவும்

1998 இன் இறுதியில் குவாடல்கனால் தீவினரின் ஆயுதக் குழுக்கள், அங்கு குடியேறியிருந்த மலைத்தா மக்களைத் தாக்கத் தொடங்கின. ஏறத்தாழ 20,000 பேர் இடம்பெயர்ந்தனர். காவலர்களில் பெரும்பகுதியினர் மலைத்தாவைச் சேர்ந்தவர்கள் ஆதலால் இத்துறை நடுநிலையை இழந்தது. 2000 சூன் 5 அன்று மலைத்தா கழுகுப் படை எனும் குழு, காவல்துறையின் ஆயுதப் பிரிவினர் சிலரின் துணையுடன் ரோவ் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றிப் பிரதமர் பார்த்தலோமியு உலுபாலுவைச் சிறைப்பிடித்தது. அவர் பதவி விலக நேர்ந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் டவுன்சுவில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. அதன் பின்னர் முன்னாள் ஆயுதக் குழுவினர் பலர் சிறப்புக் காவலர்களாகச் சேர்க்கப்பட்டனர். ஆயினும் ஒழுங்கு திரும்பவில்லை. முன்னாள் காவல்துறை ஆணையரும் அமைதிப் பேரவை உறுப்பினருமான பிரடெரிக் சோவாக்கி 2003 பெப்ரவரியில் ஔகி நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வட்டார உதவித் திட்டம்

சொலமன் தீவுகள் அரசின் வேண்டுகோளை ஏற்று, 2003 சூலை 24 அன்று ஆஸ்திரேலியாவின் தலைமையில் பசிபிக் நாடுகளின் காவலர்களும் படையினரும் ஹொனியாராவில் இறங்கினர. ரம்சி எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் திரட்டி அழிக்கப்பட்டன. குவாடல்கனால் ஆயுதக் குழுத் தலைவர் ஹரோல்ட் கேக்கே 2003 ஆகத்தில் சரணடைந்தார். குற்றங்களில் தொடர்புடைய காவலர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பலர் கைது செய்யப்பட்டனர். காவல்துறையும் ஆயுதமற்றதாக்கப்பட்டது.

எனினும் வெளிநாட்டவர் பொறுப்பில் இருந்த காவல் பணி உள்நாட்டில் சர்ச்சைக்குள்ளானது. 2006 ஏப்ரலில் சினைடர் ரினி பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த கலவரத்தில் ஹொனியாராவின் சீனர் பகுதி எரிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், ஆஸ்திரேலியரான காவல்துறை ஆணையர் சேன் காசில்சு நாட்டுக்குள் திரும்பி வருவதை அரசு தடை செய்தது. ரம்சி 2017 சூன் 30 அன்று நிறைவுற்றது. அதற்கு முன்னர் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு மட்டும் மீண்டும் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன.

அண்மைக் காலம்

2021 நவம்பரில் பிரதமர் மனாசே சொகவாரே பதவி விலகக் கோரி நடைபெற்ற ஆர்ப்பாட்டம் கலவரமாக மாறியது. சீனர் பகுதி மீண்டும் எரிந்தது. ஆஸ்திரேலியா, பப்புவா நியூ கினி, பிஜி, நியூசிலாந்து ஆகிய நாடுகள் உதவிக்கு ஆட்களை அனுப்பின. 2022 ஏப்ரலில் அரசு சீனாவுடன் பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்டது. அவ்வாண்டு நவம்பரில் ஆஸ்திரேலியா 60 துப்பாக்கிகளையும், சீனா நீர் பீய்ச்சும் வண்டிகளையும் காவல்துறைக்கு வழங்கின. 2024 திசம்பரில் ஆஸ்திரேலியா, காவல்துறையை விரிவாக்க நான்கு ஆண்டுகளில் 19 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளிப்பதாக அறிவித்தது.

ஆயுதக் கிடங்கே ஆட்சிக் கவிழ்ப்புக்குக் கருவியான நாட்டில், காவலர்களுக்கு எவ்வளவு ஆயுதம் வழங்குவது என்பது இன்றும் நம்பிக்கை சார்ந்த வினாவாகவே விளங்குகிறது.