கலங்கல் பியரும் கள்ளு முட்டியும்

ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவின் மகன் கடந்த மாசியில் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கண்ணாடிக் குவளை நிறைய, மஞ்சளும் வெள்ளையுமாகக் கலங்கிய ஏதோ ஒன்று. மேலே தடித்த நுரை. "கள்ளோ அண்ணா?" என்று கேட்டேன். "பியர். நானே காய்ச்சினது. அம்மாவும் உன்னை மாதிரித்தான் கேட்டவ" என்று பதில் வந்தது.

அந்த நாட்களில் நான் பளைப் பக்கத்துச் சீவல் தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதற்காக அலைந்துகொண்டிருந்தேன். பகலில் பனையடியிலும் இரவில் அண்ணாவுடன் தொலைபேசியிலுமாக இரண்டு வேலைகளையும் ஒன்றாகவே கற்றுக்கொண்டேன். அதனால் இந்தக் கட்டுரையிலும் அவை சேர்ந்தே வருகின்றன.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். "காய்ச்சினது" என்றால் நம் காதில் கசிப்பு என்றே விழும். பியர் வடிக்கப்படும் குடிவகை அல்ல. முளைக்கவிட்டு உலர்த்திய பார்லியைச் சுடுநீரில் ஊறவைத்து, வரும் இனிப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மதுவம் சேர்த்து நொதிக்கவிடுவது. கொதிக்கும்போது போடும் ஹொப்ஸ்தான் அதன் கசப்பு. ஹொப்ஸ் என்பது ஒரு கொடியில் வரும் பச்சை நிறப் பூ. அதற்குள் மஞ்சள் பொடி போல இருக்கும் பிசினில் கசப்பும் வாசமும் சேர்ந்தே இருக்கின்றன.

பியர் என்றால் கண்ணாடி போலத் தெளிந்திருக்க வேண்டும் என்பதே நீண்டகால வழக்கம். கலங்கலை வேண்டுமென்றே உண்டாக்கும் வகை அமெரிக்காவின் வடகிழக்கில், குறிப்பாக வெர்மொண்ட் மாநிலத்தில், புகழ்பெற்றது. அங்கே வோட்டர்பெரி என்ற சிற்றூரில் ஜோன் கிம்மிச் என்பவர் நடத்திய 'அல்கெமிஸ்ட்' மதுச்சாலையின் 'ஹெடி டொப்பர்' அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 2011 ஓகஸ்ட்டில் ஐரீன் புயல் கொண்டுவந்த வெள்ளம் அந்த மதுச்சாலையை அழித்தது. ஊரில் வேறோர் இடத்தில் அவர்கள் அமைத்திருந்த புதிய ஆலை தப்பியது. வெள்ளம் வந்து சில நாட்களிலேயே அங்கிருந்து பேணியில் அடைத்த பியர் வெளியே வரத் தொடங்கியது. 2018இல் அமெரிக்க மதுவடிப்போர் சங்கம் இந்தக் கலங்கல் வகைகளைத் தன் பட்டியலில் தனியாகச் சேர்த்துக்கொண்டது.

அண்ணாவின் கணக்கு 20 லீற்றருக்கு உரியது. வெளிர் பார்லி மோல்ட் 4 கிலோ. ஓட்ஸும் கோதுமையும் சேர்த்து 1 கிலோ. கலங்கலின் பாதி இரகசியம் இந்த ஒரு கிலோவில்தான் இருக்கிறது. ஓட்ஸிலும் கோதுமையிலும் உள்ள புரதம் ஹொப்ஸில் உள்ள பொலிபீனோல்களுடன் பிணைந்து, அடியில் படியாத நுண்துகள்களாக மிதக்கிறது. 67 பாகை செல்சியஸ் நீரில் இவற்றை ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார். மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியங்கள் அந்தச் சூட்டில் வேலை செய்யும். நீரில் சல்பேற்றை விடக் குளோரைட்டு கூடுதலாக இருக்கும்படி உப்புச் சேர்க்கிறார். சல்பேற்று கூடினால் கசப்பு நாக்கில் குத்தும், குளோரைட்டு கூடினால் வாய்க்கு மெத்தென்று இருக்கும்.

ஹொப்ஸைக் கையாளும் விதத்தில்தான் இந்த வகை மற்றவற்றிலிருந்து விலகுகிறது. அடுப்பில் கொதிக்கும்போது மிகச் சிறிதளவே போடுகிறார். நெடுநேரம் கொதித்தால் வாசம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் மிஞ்சும். ஆகவே நெருப்பை நிறுத்தி 80 பாகைக்கு ஆறிய பிறகு 100 கிராம் போடுகிறார். பிறகு 20 பாகைக்குக் குளிரவைத்து மதுவம் சேர்த்து, நொதித்தல் முடியும் தறுவாயில், சூடே காட்டாமல் இன்னும் 150 கிராம். சிற்றா, மொசைக் என்ற இனங்களை வாங்குவாராம். மூடியைத் திறந்தால் மாம்பழமும் தோடம்பழத் தோலும் மணக்கும் என்றார். ஒரு துண்டுப் பழமும் சேர்ப்பதில்லை, எல்லாம் அந்தப் பூவின் எண்ணெய்.

இதற்கு எதிரி ஒட்சிசன். நொதித்த பிறகு காற்றுப் பட்டால் மாம்பழ வாசம் முதலில் போகும். பிறகு மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பாகும். முதல் தடவை குழாய் வைக்காமல் போத்தல்களில் ஊற்றி, முழு 20 லீற்றரையும் அண்ணா இப்படித்தான் கெடுத்தார். சரியாக அடைத்தாலும் சில கிழமைகளுக்குள் குடித்தாக வேண்டும்.

இதையெல்லாம் பளையில் ஒரு ஐயாவிடம் சொன்னேன். அறுபதைத் தாண்டியவர், இன்றும் காலையும் மாலையும் ஏறுகிறார். தளைநாரைக் கையில் வைத்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு பாடோ? எங்கட பனை இதையெல்லாம் தானே செய்து போட்டெல்லோ தருது" என்றார்.

உண்மைதான். பார்லியில் இருப்பது மாப்பொருள், அதை உடைக்க வேண்டும். பனஞ்சாற்றில் 12 வீதம் வாக்கில் சுக்குரோசு கரைந்தே வருகிறது. அடுப்பும் வேண்டாம், மதுவம் வாங்கவும் வேண்டாம். முன்னைய நாள் கள்ளு ஒட்டியிருக்கும் முட்டியிலும் காற்றிலும் அது இருக்கிறது. சாறு சொட்டத் தொடங்கும்போதே நொதித்தலும் மரத்தின் உச்சியில் தொடங்கிவிடுகிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது தடைப்பட்டுக் கருப்பநீராக நிற்கும். பூசாவிட்டால் கள்ளு. கள்ளின் கலங்கல் புரதத்தால் வருவதல்ல. உயிரோடு மிதக்கும் மதுவமும் பற்றீரியாக்களும்தான் அந்த வெள்ளை. மதுசாரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, 5 வீதம் வாக்கில். ஆயுளில்தான் பெரிய வித்தியாசம். பியருக்குச் சில கிழமைகள், கள்ளுக்கு ஒரு பகல். காலையில் இறக்கியது மாலையில் புளிக்கும், விட்டால் வினாகிரி. போத்தலில் வரும் கள்ளு சூடாக்கி நொதித்தல் நிறுத்தப்பட்டது. பிளாவில் குடித்துப் பழகியவர்கள் அதைக் கள்ளென்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பனை தானே தருகிறது என்று ஐயா சொன்னது தன்னடக்கம். பாளையை நாட்கணக்கில் தட்டி, நசித்து, கட்டி, நுனியைத் தாள் கனத்துக்குச் சீவிப் பழக்க வேண்டும். ஆண் பனைக்கு ஒரு முறை, பெண் பனைக்கு வேறு முறை. தட்டு பலமாக விழுந்தால் பாளை கருகும், குறைந்தால் சுரக்காது. எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்க முடியாத கணக்கு அது.

1978 ஒக்ரோபரில் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம், வீட்டில் பியர் காய்ச்சுவோருக்கு வரிவிலக்கு அளித்தது. வளர்ந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலன் வரை, விற்கக்கூடாது. அங்கே சிறு ஆலைகள் பெருகியதற்கு அது ஒரு முக்கிய காரணம், ஆலை தொடங்கியவர்களில் பலர் முதலில் குசினியில் பழகியவர்கள். கனடாவிலும் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம். அதே 1978இல்தான் இங்கே பனை அபிவிருத்திச் சபை உருவானது. ஆனால் சட்டத்தின் அடிப்படை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டமாகவே இன்றும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். அண்ணா தன் பாத்திரங்களோடு யாழ்ப்பாணம் வந்து இதையே செய்தால் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

குடியால் சிதைந்த வீடுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். மீள்குடியேறிய கிராமங்களில் கசிப்பு என்ன செய்தது என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்டுப்பாடே வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஆனால் அண்ணா தன் குவளையை முகநூலில் போடும்போது வாழ்த்துகள் குவிகின்றன. ஐயாவின் மகன், தகப்பன் என்ன தொழில் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது "கூலி" என்று சொன்னவன். தவறணையில் எல்லாச் சாதியும் குடித்தது, இழிவு மட்டும் ஏறி இறக்கியவனின் தலையில் ஏறியது. அந்த மகன் இப்போது கட்டாரில் இருக்கிறான். தளைநார் அடுத்த கைக்குப் போகாததற்குப் போரை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

போருக்கும் அதில் பங்குண்டு. 2009இல் மெனிக்பாமில் இருந்த ஐயா, அடுத்த ஆண்டு திரும்பியபோது அவர் சீவிய பனைகளில் பாதிக்குத் தலை இல்லை. பனைக்கு வளரும் குருத்து ஒன்றுதான். ஷெல் அதைக் கொண்டுபோனால் மரம் துளிர்க்காது. வேறு பல காவலரண்களுக்கும் பதுங்கு குழிகளுக்கும் தறிக்கப்பட்டிருந்தன. வந்த வருடமே வேலியோரம் விதை ஊன்றினார். பனை பாளை தள்ளப் பதினைந்து வருடமாவது செல்லும். அவை இன்னும் வடலிகளாகவே நிற்கின்றன. அவற்றில் ஏறப்போவது யார் என்று கேட்டேன். "ஆரோ ஏறட்டும். நான் வைக்காட்டி ஏறுறதுக்கே இராது" என்றார்.

இந்த மாதம் அண்ணா புதிதாக ஒன்று முயலப்போகிறார். ஸ்காபரோவில் தமிழ்க் கடையில் வாங்கிய யாழ்ப்பாணப் பனங்கட்டி 300 கிராமை, கொதி முடியும்போது சேர்ப்பது. மதுவம் அந்தச் சீனியை முழுவதும் தின்றுவிடும், மதுசாரம் சற்றுக் கூடும், உடல் மெலியும், நிறம் கறுக்கும். கலங்கல் மஞ்சள் பியருக்கு இது ஏற்றதல்ல என்று வேறிடத்தில் வாசித்திருந்தேன். என்றாலும் ஐயாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

ஐயா சிறிது யோசித்தார். "கருப்பநீருக்குப் போட்ட சுண்ணாம்பு கட்டியில கொஞ்சம் கிடக்கும் பிள்ளை. அப்பிடியே போட்டால் புளிக்கிறதுக்குப் பிந்தும். வெந்நீரில கரைச்சு, இரவு வைச்சு, அடியைக் கலக்காமல் மேல்தண்ணியை மட்டும் விடச் சொல்லுங்கோ."

அதை அப்படியே தட்டி அனுப்பினேன். அங்கே விடியற்காலம் நான்கு மணி இருக்கும், ஆனாலும் பார்த்ததற்கான இரண்டு நீலக் கோடுகள் உடனே விழுந்தன.