கைப்பேசியில் தீபாவளித் துணி: தோட்டத்து வாங்குநர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தீபாவளிக்குத் துணி எடுப்பது என்றால் ஒரு காலத்தில் கிள்ளானுக்குப் போவது என்றுதான் பொருள். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் பக்கத்துத் தோட்ட மக்கள் பஸ் ஏறிப் போய், ஜாலான் தெங்கு கிளானாவில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புவார்கள். அதற்கும் முன்னால், சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு லயத்து வாசலுக்கே வந்த துணிக்காரர்கள் இருந்தார்கள். சேலையை இன்று கொடுத்துவிட்டு, காசைச் சம்பள நாள்தோறும் தவணையாக வாங்கிக்கொள்வார்கள். இன்று கைப்பேசிச் செயலி அந்தத் துணிக்காரரின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதுவும் வாசலுக்கு வருகிறது. அதுவும் தவணை தருகிறது. ஆனால் துணிக்காரரிடம் முகம் பார்த்துப் பேசலாம், செயலியிடம் முடியாது.

மலேசியாவில் ஆடை, அலங்காரப் பொருள்களுக்கென்றே வந்த செயலிகளில் முன்னோடி ஸலோரா. ஜெர்மனியின் ராக்கெட் இன்டர்நெட் நிறுவனம் 2012-இல் அதைத் தென்கிழக்காசியாவில் தொடங்கியது. அதே ஆண்டில் அதே நிறுவனம் தொடங்கியதுதான் லஸாடாவும். இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பின்னர் லஸாடா 2016-இல் சீனாவின் அலிபாபா கைக்குப் போனது. ஷோப்பி 2015-இல் வந்தது. டிக்டாக் ஷாப் 2022-இல் இங்கு நுழைந்தது. ஸலோராவின் பலம் பிராண்டு ஆடைகள், காலணி, கைப்பை, பாஜு கூரோங் போன்றவை. சேலை, சுடிதார், ஜிப்பா தேடும் நம்மவர்கள் பெரும்பாலும் ஷோப்பிக்கும் டிக்டாக் நேரலைக்கும்தான் போகிறார்கள்.

இந்த நிறுவனங்கள் இணையத்தளத்தைவிடச் செயலியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றன? செயலி கைப்பேசியிலேயே உட்கார்ந்திருக்கும். நாம் எதைப் பார்த்தோம், எதைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் விட்டோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். இரவு பத்து மணிக்கும் மணியடித்துக் கூப்பிடும். இந்தியாவின் பெரிய ஆடை விற்பனை நிறுவனமான மிந்த்ரா 2015 மே மாதம் தன் இணையத்தளத்தையே மூடிவிட்டு, செயலியில் மட்டும்தான் வாங்கலாம் என்றது. துணியைப் பெரிய திரையில் பார்த்து வாங்க நினைத்தவர்கள் விலகிப் போனதால், மறு ஆண்டே தளத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. நம் தோட்டத்து வீடுகள் பலவற்றில் கணினி இல்லை. உள்ளங்கை அளவு திரையில்தான் பட்டுச்சேலையின் கரையைப் பார்க்க வேண்டும். அதனால் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை.

முதலில் அளவு. ‘எல்’, ‘எக்ஸ்எல்’ என்ற எழுத்துகளை நம்பக் கூடாது. சீனத் தயாரிப்பின் எக்ஸ்எல் நமக்கு எம் அளவாக இருக்கலாம். வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு சுடிதாரை விரித்து, மார்பு, தோள், நீளம் மூன்றையும் நாடாவால் அளந்து, விற்பவர் தரும் சென்டிமீட்டர் பட்டியலோடு ஒப்பிடுவதே பாதுகாப்பு. சேலை என்றால் பொதுவாக ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணி சேர்ந்தால் சுமார் 6.3 மீட்டர். ‘ரவிக்கைத் துணி உண்டு’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘காஞ்சிபுரம் ஸ்டைல்’, ‘சாஃப்ட் சில்க்’, ‘செமி சில்க்’ என்றால் அது சுத்தப் பட்டு என்று பொருளாகாது. இந்தியாவில் சுத்தப் பட்டுக்கு ‘சில்க் மார்க்’ முத்திரை வழங்கப்படுகிறது. 90 வெள்ளிக்குச் சுத்தப் பட்டு கிடைக்காது என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும்.

அடுத்தது முகவரி. தோட்டங்களில் பார்சல் காணாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். செம்பனைக்கு நடுவே போகும் மண்சாலைக்கு வரைபடத்தில் பெயர் இருக்காது. பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆகி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், நாம் பழைய பெயரையே எழுதுகிறோம். அஞ்சல் குறியீடு சரியாக இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்: கோல சிலாங்கூர் 45000, தஞ்சோங் காராங் 45500, பெஸ்தாரி ஜெயா 45600, புக்கிட் ரோத்தான் 45700, ஜெராம் 45800. அதோடு வீட்டு எண், அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயர், அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி அல்லது கோயிலின் பெயர், எப்போதும் எடுக்கும் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே தோட்டத்தில் நான்கு லெட்சுமிகள் இருப்பார்கள். அப்பா பெயர் இல்லாமல் பார்சல் எந்த லெட்சுமிக்குப் போகும்? பகலில் வீட்டில் ஆளில்லை என்றால், தோட்ட அலுவலகத்திலோ பழக்கமான மளிகைக் கடையிலோ முன்கூட்டியே சொல்லிவைத்து, அந்த முகவரியைக் கொடுப்பது நல்லது.

வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவுபெற்ற விற்பனையாளர்கள் அதை விலையோடு சேர்த்தே வசூலிப்பார்கள்.

தவணை என்னும் பழைய கதை

‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்ற பொத்தானைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. சேமநிதி, சொக்சோ போக, கைக்கு வருவது ஏறத்தாழ 1,500. 80 வெள்ளித் தவணை சின்னதாகத்தான் தெரியும். பிள்ளைகளுக்குச் சட்டை, காலணி, அம்மாவுக்குச் சேலை, ஒரு கைப்பேசி உறை, ஓர் அலங்கார விளக்கு என்று ஐந்து தவணை சேர்ந்தால் மாதம் 400 வெள்ளி. மிஞ்சுவது 1,100. தீபாவளி முடிந்த கையோடு ஜனவரியில் பள்ளிச் செலவுகளும் வந்து நிற்கும்.

கட்டணத்தைக் கணக்கிடும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். 600 வெள்ளிப் பொருளுக்கு மாதம் 1.5 விழுக்காடு, ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 54 வெள்ளி. கடன் குறையக் குறைய இந்தக் கட்டணம் குறைவதில்லை. 600 வெள்ளி பாக்கி இருக்கும் முதல் மாதத்தில் கட்டும் அதே 9 வெள்ளியை, 100 வெள்ளி மட்டுமே பாக்கி இருக்கும் ஆறாவது மாதத்திலும் கட்டுகிறோம். தாமதமானால் அபராதம் தனி. இத்தகைய சேவைகளையும் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவரும் பயனீட்டாளர் கடன் சட்ட மசோதா 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்தாலும், பொத்தானை அழுத்துவது நம் விரல்தான்.

ஏமாந்தால் எங்கே போவது?

பெரிய செயலிகளில் நாம் கட்டும் பணம் உடனே விற்பவருக்குப் போவதில்லை. பொருள் கைக்கு வந்து, நாம் உறுதிசெய்யும் வரை, அல்லது அதற்கான கெடு முடியும் வரை, இடையில் நிற்கும். அதனால் பார்சலைப் பிரிக்காமல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அழுத்தாதீர்கள். ‘வாட்ஸ்அப்புக்கு வாங்கம்மா, பத்து வெள்ளி குறைத்துத் தருகிறேன்’ என்று விற்பவர் அழைத்தால் போகாதீர்கள். பணம் நேரே அவர் கணக்குக்குப் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை. அனுப்பும் இணைப்பிலிருந்து செயலியைப் பதிவிறக்கச் சொன்னாலும் கூடாது. அதிகாரப்பூர்வச் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து வரும் கோப்பு, வங்கிக் கணக்கையே துடைத்துவிடக்கூடும். கேட்காத பார்சலைக் கொண்டுவந்து காசு கேட்டால், வீட்டிலிருக்கும் பெரியவர்கள் கொடுத்துவிடாதபடி முன்பே சொல்லிவையுங்கள்.

பணம் அனுப்புவதற்கு முன், போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணை இட்டுப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டால் உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் பணம் வேறு கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும். வெட்கப்பட்டு மறுநாள் வரை காத்திருப்பதில்தான் பெரும் இழப்பு.

மோசடி இல்லை, ஆனால் வந்த பொருள் சரியில்லை என்றால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். பொருள் ஏற்கத்தக்க தரத்தில், சொன்ன விவரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதிவைத்து அந்த உரிமையைப் பறிக்க முடியாது. மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமையைச் சட்டம் தரவில்லை. அது அந்தந்தச் செயலியின் விதியைப் பொறுத்தது. இணைய விற்பனையாளர் தம் பெயர், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்ற விதி 2013 ஜூலையிலிருந்து அமலில் உள்ளது. 2024 இறுதியில் அது புதுப்பிக்கப்பட்டது.

பேச்சில் தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்திலும் பதிவு செய்யலாம். ஆனால் எதிர்த்தரப்பு இந்நாட்டில் வணிகம் செய்பவராக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். சீனாவிலுள்ள கடைக்காரரை அழைத்து வருவது எளிதல்ல. சான்றுக்கு விளம்பரத்தின் திரைப்படம், உரையாடல், பணம் கட்டிய ரசீது, பார்சல் மேலிருந்த முகவரிச் சீட்டு, பிரிக்கும்போது எடுத்த காணொளி ஆகியவற்றை வைத்திருங்கள். நேரலை விற்பனை முடிந்ததும் காணொளி மறைந்துவிடலாம் என்பதால், வாங்கும்போதே திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.