மணலில் எழுதிய பாடம்

இத்தாலிய யாத்திரிகர் பியத்ரோ தெல்லா வல்லே 1623-ஆம் ஆண்டில் மேற்குக் கடற்கரையிலிருந்து மலையேறி இக்கேரி அரசருடைய நாட்டுக்குச் சென்றபோது, வழியில் ஒரு கோயில் மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்த காட்சியைக் கண்டு, அதைத் தம் கடிதமொன்றில் விஸ்தாரமாக எழுதிவைத்திருக்கிறார். மண்டபத்தின் தரையில் நுண்ணிய மணல் பரப்பியிருந்தது. ஒரு சிறுவன் வாய்பாட்டின் ஓர் அடியை ராகமாக இழுத்துச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுத, மற்ற மூவரும் அவனைத் தொடர்ந்து அதையே பாடி அதையே எழுதினார்கள். தரை நிறைந்தவுடன் எழுத்தை அழித்துப் புது மணலைத் தூவிவிட்டு மேலே சென்றார்கள். பக்கத்தில் உபாத்தியாயர் ஒருவரும் இல்லை. பாடம் மறந்துபோனால் யார் சொல்லித்தருவார்கள் என்று யாத்திரிகர் கேட்டதற்கு, நால்வரும் ஒரே இடத்தில் மறப்பது நடவாத காரியம் என்றும், ஒருவன் தவறினால் மற்றவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள் என்றும், அதற்காகவே சேர்ந்து படிப்பதாகவும் அந்தச் சிறுவர்கள் பதில் சொன்னார்களாம்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு சாஸ்திரமே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 'நெட்டுருப் போடுதல்' என்று இன்று நாம் ஏளனமாகச் சொல்லித் தள்ளிவிடுகிற பழைய படிப்பில், உண்மையில் வாயும் செவியும் விரலும் ஏககாலத்தில் வேலை செய்தன. எழுதியதை உடனே அழித்துவிட்டதனால், பாடம் தங்குவதற்கு மனத்தைத் தவிர வேறு இடம் இல்லாமற் போயிற்று.

கன்னட நாட்டில் தெல்லா வல்லே கண்ட இந்த வழக்கமே தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் வேரூன்றியிருந்தது. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகுவான். கை படிந்தபின் பனையோலைக்கும் எழுத்தாணிக்கும் வருவான். உபாத்தியாயர் எழுதிக்கொடுத்த மேல்வரிச் சட்டத்தைப் பார்த்து அதே மாதிரி எழுதி, கீறிய எழுத்துத் தெளிவாகத் தெரியும்பொருட்டு ஓலையின்மேல் இலைச்சாறும் கரியும் தடவித் துடைப்பான். ஓலையில் எழுத்தாணி பிசகினால் பிசகியதுதான், அழிக்க வழியில்லை. ஆகவே எத்தனை முறை தவறினாலும் பொறுத்துக்கொள்ளும் மணலை முதலிலும், ஒரு தவற்றையும் மன்னிக்காத ஓலையைப் பின்னரும் வைத்த கிரமம் தற்செயலாக நேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

படித்த நூல்களின் அமைப்பிலும் இதே சூக்ஷ்மம் உண்டு. ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அகரவரிசையில் அடிகளைத் தொடங்குவதால், நெடுங்கணக்கு அறிந்த பிள்ளைக்கு அடுத்த அடி எந்த எழுத்தில் எழும் என்பது முன்னரே தெரியும். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் முதலாக வருகிற அந்தாதியில் ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று தானே வந்து நிற்கும். மண்டல புருடருடைய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியோ, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை வரிசையில் அடுக்கிவைத்திருக்கிறது. அகராதியைப் புரட்டுகிறவனுக்குக் கண் வேண்டும். நிகண்டைப் புரட்டுகிறவனுக்குச் செவி போதும். கணக்கிலும் எண்சுவடியைப் பிள்ளைகள் பாட்டாகவே பாடினார்கள். முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி, எண்பதில் ஒரு பங்கான காணி, இருபதில் ஒரு பங்கான மா ஆகிய கீழ்வாயிலக்கங்களையெல்லாம் நாவில் ஏற்றிக்கொண்ட பையன், களத்துமேட்டில் நெல் அளக்கும்போதும் நிலத்தின் குழிக்கணக்குப் போடும்போதும் ஏட்டைத் தேடி ஓடவேண்டிய அவசியமில்லை.

இவற்றையெல்லாம் நடத்திவைத்தவன் சட்டாம்பிள்ளை என்ற முதிர்ந்த மாணவன். ஒரே திண்ணையில் அரிச்சுவடிப் பிள்ளையும் நிகண்டுப் பிள்ளையும் அருகருகே உட்கார்ந்திருக்க, உபாத்தியாயர் முதிர்ந்தவர்களுக்குப் பாடம் சொல்லுவார். முதிர்ந்தவன் இளையவனுக்குச் சொல்லித்தருவான். சொல்லித்தருகிறவனுக்குத் தன் பழைய பாடம் இன்னொரு முறை புதிதாவதை அனுபவத்தில் அறியாத மாணவன் உண்டோ?

இந்தச் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனான். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளியின் அதிபரானார். ஒருநாள் குதிரைமேல் போகும்போது, வெள்ளைக்காரர்கள் அக்காலத்தில் 'மலபார்ப் பள்ளி' என்று வழங்கிய தமிழ்ப் பள்ளிக்கூடமொன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதேபோலத் தம் பள்ளியிலும் எழுத்துக் கற்பிக்கும்படி உபாத்தியாயர்களிடம் சொன்னார். அவர்கள் அதை லக்ஷியம் செய்யவில்லை. (சம்பளம் வாங்குகிற உபாத்தியாயர்கள் புதிய முறைகளை வரவேற்ற காலம் என்று ஒன்று எந்தத் தேசத்திலும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.) பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிப்பாய் மகனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்களால் ஆகாது என்று கைவிடப்பட்ட காரியம் சிறுவனால் ஆயிற்று. நாளடைவில் பள்ளி முழுவதும் பிள்ளைகளாலேயே பாடம் சொல்லப்பட்டது. பெல் 1796-இல் தாய்நாடு திரும்பி, மறு வருஷம் இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு சிறு நூலை லண்டனில் அச்சிட்டார். பிள்ளைகளே பாடம் சொல்லும் அந்த ஏற்பாட்டுக்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் நிலைத்தது. 1811-இல் ஏற்பட்ட தேசியக் கல்விச் சங்கம் அதை இங்கிலாந்தின் ஏழைப்பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளிகளில் பரப்பியது. பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பொருளால் எழுந்த 'மதராஸ் காலேஜ்' என்ற பள்ளிக்கூடம் இன்றும் அப்பெயரோடு இருக்கிறது.

ஆனால் கப்பலேறியது முழுச் சரக்கும் அல்ல. ஓர் உபாத்தியாயரைக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாகப் படிப்பிக்கலாம் என்ற கணக்குத்தான் அங்குள்ளவர்களின் மனத்தைக் கவர்ந்தது. பெல்லுக்குப் போட்டியாளரான ஜோசப் லாங்காஸ்டரோ ஒருவரே ஆயிரம் பேருக்குப் பாடம் நடத்தலாம் என்றார். நான்கு பேர் ஒரே இடத்தில் மறக்கமாட்டார்கள் என்ற அந்தப் பழைய நம்பிக்கை, ஆயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்த கொட்டகையில் எங்கே தங்கும்?

இங்கேயும் நிலைமை சுகமாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டுச் சேகரித்த தகவல்களின்படி, ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிக்கூடங்களும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். பெண்குழந்தைகள் அவர்களில் சொற்பம். அந்தத் தகவலுக்காக 1823-இல் அறிக்கை எழுதிய பல்லாரிக் கலெக்டர் காம்பெல் சுவாரஸ்யமான ஒரு வழக்கத்தைக் குறிக்கிறார். காலையில் முதலில் வருகிற பையனுடைய உள்ளங்கையில் கௌரவமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருகிறவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுன்னம். மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும். கடைசியில் வருகிறவன் கதியை ஊகித்துக்கொள்ளலாம். முதிர்ந்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டை வாயாரப் புகழ்ந்து, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று எழுதிய அதே காம்பெல், பிள்ளைகள் ஓதுகிற செய்யுள்களின் பொருள் அவர்களுக்குச் சிறிதும் விளங்கவில்லை என்றும் குறைப்பட்டிருக்கிறார்.

அவர் சொன்னது பொய்யல்ல. பொருள் பின்னால் வரும் என்று நம்பித்தான் சொல்லை முன்னால் ஏற்றிவைத்தார்கள். அந்தப் 'பின்னால்' வாய்த்தவர்கள் உண்டு; உ. வே. சாமிநாதையர் திண்ணையில் தொடங்கிய படிப்பு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது பொருளும் நயமும் பெற்றுத் தழைத்தது. ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் ஏட்டைக் கட்டிவைத்துவிட்டு ஏரைப் பிடித்த பையன்களுக்கு வெறும் ஓசைதான் மிஞ்சியது. பழைய முறையைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் ஐயரைக் காட்டுவார்கள், ஏர்பிடித்தவனைக் காட்டமாட்டார்கள்.

1854-ஆம் வருஷத்து உட் துரையின் கல்வி ஆணைக்குப் பிறகு சர்க்கார் கிராண்டும் இன்ஸ்பெக்டரும் அச்சுப் புத்தகமும் சிலேட்டும் ஊர் ஊராக வந்தன. மணல் போயிற்று, ஓலையும் போயிற்று, பொருள் விளங்கவில்லை என்ற குறையோ புத்தகத்தோடும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

தம் இளமைக்காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சாமிநாதையர் எழுதியவற்றில் என் மனத்தை விட்டு அகலாதது ஒரு சிறிய வழக்கம். மாலையில் பள்ளிக்கூடம் விடும்போது உபாத்தியாயர் பிள்ளைகளுக்கு ஒரு பூவின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர் என்று சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில் அதை மறவாமல் ஒப்பிக்கவேண்டும். ஏடு கிடையாது, எழுத்தாணி கிடையாது. அன்றைக்கு வந்தது தாமரையோ தாழையோ, ஓர் இரவு முழுதும் அதைத் தொலைக்காமல் காக்கவேண்டுமே என்ற கவலையோடு, பையன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருட்டுமுன் வீட்டுக்கு ஓடியிருப்பான்.