வக்கீல் படிப்பும் வாய்ப்பாட்டும்

"பாட்டு வாத்தியார் வேலை சோறு போடுமா? கூடவே இன்னொரு படிப்பும் படித்து வை." பிளஸ் டூ முடித்த பிள்ளை இசைக் கல்லூரி என்று வாயெடுத்ததும் பெரியவர்கள் சொல்வது இதுதான். கவலை புதிதல்ல. போன நூற்றாண்டில் சட்டம் படித்த இரண்டு பேர் இதற்கு இரண்டு விதமாக வழி கண்டார்கள்.

ஒருவர் டி.எல். வெங்கடராம ஐயர். வக்கீலாகத் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1954இல் உச்ச நீதிமன்றத்துக்கே போனவர். சங்கீத உலகில் அவர் முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு வாத்தியார். சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் பாடம் கேட்டார்; டி.கே. பட்டம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நீதிபதி ஆவதற்கு முன்பே, 1944இல், மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் அவரைத் தேடி வந்தது. வருமானத்துக்குச் சட்டம் இருந்ததால், கச்சேரி வாய்ப்பை எண்ணிப் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை.

இன்னொருவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. 1901இல் பிறந்தவர். அவருடைய புத்தகங்களில் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்றே அச்சாகியிருக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்கச் செய்தது சங்கீதம் கற்பித்தல். ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய் மேல்நாட்டு இசையையும் படித்தார். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைவராக இருந்தார். குருகுலத்தில் பாடத்திட்டம் கிடையாது. குரு பாடுவார், சீடன் கேட்டுப் பிடித்துக்கொள்வான். சங்கீதம் பரீட்சைப் பாடமானபோது, இலக்கணத்தை வரையறுத்து வரிசைப்படுத்திய புத்தகம் தேவைப்பட்டது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சவுத் இந்தியன் மியூசிக்’ ஆறு பாகங்களும் அந்தக் குறையைத் தீர்த்தன. சட்டம் படித்தவரின் ஒழுங்கு அவற்றில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

ஆக, முதலாமவருக்கு இன்னொரு தொழில் சங்கீதத்துக்கு வெளியே நின்று அதைக் காப்பாற்றியது. இரண்டாமவருக்கு இன்னொரு படிப்பு சங்கீதத்துக்குள்ளேயே வந்து வேலை செய்தது.

இன்று பி.எட்., உளவியல், ஒலிப்பதிவு, கணினி என்று எதைச் சேர்த்துப் படித்தாலும் இரண்டு கேள்வி போதும். அந்த வேலை விடியற்காலைச் சாதகத்துக்கு நேரம் விடுமா? இல்லையென்றால், அந்தப் படிப்பு பாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்கு உதவுமா? ஒன்றுக்காவது ‘ஆம்’ என்று பதில் வந்தால் தைரியமாகச் சேரலாம். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், நாலைந்து வருஷத்தில் தம்பூரா பரணுக்குப் போய்விடும்.